மஞ்சள் காலர் வைத்த கோட்

மருந்துக்கடைக்கும் மாடிப்படிக்கும் இடையில் இருந்த அந்த இடத்தை அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர முடியும். குனியாமல் வந்தவர்களின் தலையைப் படிக்கட்டின் அடிப்பாகம் ஒரு தட்டுத் தட்டி வரவேற்கும். உள்ளே ஒரு தையல் மெஷின், திரைச்சீலைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி, சுவரை ஒட்டி ஓர் இஸ்திரி மேசை. புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, கிழிசலை மறைப்பது என்று ஆல்டரேஷன் வேலை மட்டும்தான். தெரு முழுக்க அவளைத் தையலம்மா என்றே கூப்பிட்டது. அவள் தைத்ததை அவள் கணவர் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பார்.

மனிதர்கள் தங்கள் உடம்பைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்காத சங்கதிகள் எல்லாம் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் அவளிடம் வந்து சேர்ந்தன. ஒரு தோள் இறங்கியவர், பிறவியிலேயே ஒரு கால் குட்டையானவர், கல்யாணத் தேதிக்குள் வயிறு தெரிந்துவிடுமோ என்று நடுங்கிய பெண். தையலம்மா யாரிடமும் மூச்சு விட்டதில்லை, கணவரைத் தவிர. மாலையில் கடைசி ஆள் போனதும், பித்தான் தைத்துக்கொண்டே அன்றைக்குச் சேர்ந்த அத்தனையையும் அவரிடம் கொட்டிவிடுவாள்.

"அந்த போலீஸ்காரர் வந்தாரு. பேன்ட் துவைச்சதுல சுருங்கிடுச்சாம்."

"துணி எங்க சுருங்குச்சு? சட்டம் ஒழுங்குதான் கொஞ்சம் முன்னால வந்துடுச்சு."

"வெளிய போய் உளறி வைக்காதீங்க."

"என் காதுல விழுந்ததெல்லாம் இந்தப் பெட்டியோட ஆவியாப் போயிடும். நீ சொல்லு."

அப்படித்தான் போயிற்று. மறுநாள் அதே போலீஸ்காரர் எதிரில் வந்தால் கணவர் வேறு எதையோ யோசிப்பவர்போல வானத்தைப் பார்ப்பார். கேட்டதை நிஜமாகவே மறந்துவிடுவாரா, மறந்ததுபோல இருப்பாரா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில், சூடேறிய பெட்டியைக் கையில் பிடித்தபடியே அவர் சரிந்தார். அவள் ஓடி வந்து அவரைத் தாங்குவதற்குள் பெட்டி மேசை விரிப்பில் கவிழ்ந்து தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்துவிட்டது. அந்த விரிப்பை அவள் மாற்றவேயில்லை. அதன்மேல்தான் இப்போது அவளே இஸ்திரி போடுகிறாள்.

வேலை குறையவில்லை. மாலைதான் கழியவில்லை. கேட்டதெல்லாம் நெஞ்சுக்குள் தேங்கிக்கொண்டே போனது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஒரு நாள் போனில், "நாலு பேர்கிட்ட பேசும்மா, மனசு லேசாகும்" என்றான்.

"நாலு பேர்கிட்ட பேசற விஷயமாடா இதெல்லாம்?"

"அப்ப எழுது. பேர் போட வேணாம். நீ யாருன்னே யாருக்கும் தெரியாது."

அவனே அங்கிருந்து எல்லாம் செய்து கொடுத்தான். இணையத்தில் ஒரு நாட்குறிப்பு. போனில் தட்டினால் போதும். 'உள் தையல்' என்று அவள் பெயர் வைத்தாள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு, கடையை உள்பக்கமாகத் தாழிட்டு, இஸ்திரி மேசைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அவரிடம் சொல்வதுபோலவே தட்டத் தொடங்கினாள். ஆளின் பெயரை எழுதமாட்டாள். வயதை மாற்றுவாள், தொழிலை மாற்றுவாள், ஆணைப் பெண்ணாக்குவாள். படித்தவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள், இன்னும் எழுதுங்கள் என்றார்கள். கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் ஆவியாகிப் போகிற ஆள் இல்லை என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

பாட்டு டீச்சர் முதன்முதலில் வந்தபோது கணவர் இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள், கலகலவென்று பேசுகிறவள். அன்று திரைச்சீலைக்குப் பின்னால் போனவள் பித்தானைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றாள்.

"சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. சரியா மாஸ்டரம்மா?" அவள் ஒருத்திதான் தையலம்மாவை அப்படிக் கேலியாகக் கூப்பிடுவாள்.

பிறகு சட்டையைத் திறந்து காட்டினாள். இடதுபக்க மார்பு இருந்த இடத்தில் நீளமான தழும்பு. தையலம்மா கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்தாள். "நேரா நில்லுங்க டீச்சர். அந்தப் பக்கம் தோள் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும்" என்றாள். டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டீச்சருக்கு ஓர் அக்கா இருந்தாள். இதே நோயில்தான் போனாள். அதற்குப் பிறகு அவர்களுடைய அம்மா ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. டீச்சர்தான் ஊட்டி, குளிப்பாட்டி, பாடிப் பாடி அவளை எழுப்பி உட்கார வைத்தாள். எழுந்து உட்கார்ந்த கையோடு நோய் இவளுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேறு ஊருக்குப் போய் அறுவை செய்துகொண்டு திரும்பினாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. இன்னொரு தடவை படுத்தாங்கன்னா எழுந்திருக்க மாட்டாங்க."

தையலம்மா மெல்லிய பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து, பறவைகளுக்குப் போடுகிற சிறுதானியத்தைப் பஞ்சோடு கலந்து அதில் நிரப்பினாள். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் இருக்காது, தோள் காட்டிக்கொடுத்துவிடும். தானியம் உடம்புச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். டீச்சரின் ஒவ்வொரு சட்டையிலும் அதற்கென்று உள்ளே ஓர் அறை தைத்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

பள்ளி ஆண்டு விழா நெருங்கியபோது டீச்சர் ஒரு பழைய கருநீலக் கோட்டைக் கொண்டுவந்தாள். காலர் நைந்திருந்தது. கூடவே ஒரு கழுத்துத் துணி. முற்றிய கதிரின் மஞ்சள், அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

"அக்காவோடது. இதை வெட்டிக் காலர் வெச்சுக் குடுங்க. அம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க."

துணி கொஞ்சம்தான் இருந்தது, ஒரு வெட்டுத் தவறினாலும் வேறு கிடைக்காது. ஆனால் வேலை அமைந்துவிட்டது. கருநீலத்தின் மேல் அந்த மஞ்சள் உட்கார்ந்த அழகைப் பார்த்து அவளே ஒரு நிமிடம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலே இறந்த அக்காவின் துணி, உள்ளே இடதுபக்கம் தானியப் பை. இதை யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது? மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

அன்று மாலை எழுதினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதினாள். டீச்சரை நர்ஸ் ஆக்கினாள். இடதை வலதாக்கினாள். அக்காவைத் தோழி ஆக்கினாள். அம்மாவைப் பற்றி எழுதவில்லை, பயிற்சி என்று சொல்லிவிட்டு அறுவைக்குப் போனதை மட்டும் விட்டுவைத்தாள். காலரையும் மாற்ற வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. 'சிவப்புக் காலர்' என்று தட்டிப் பார்த்தாள். கண்ணுக்கே பொறுக்கவில்லை. கருநீலத்துக்குச் சிவப்பா? எந்தத் தையல்காரி வைப்பாள்? சாம்பல் என்று மாற்றினாள். அது இழவு வீட்டுக் கோட் மாதிரி இருந்தது. மனிதர்களைப் பற்றி எத்தனை பொய் வேண்டுமானாலும் அவளால் எழுத முடிந்தது, துணியைப் பற்றி ஒரு பொய் எழுத விரல் வரவில்லை. தன் வேலையைத் தானே பிரித்துப் போடுவதுபோல இருந்தது. துணியைப் பார்த்து ஆளைச் சொல்வது தனக்கு மட்டுமே தெரிந்த வித்தை, மற்றவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். மஞ்சளையே போட்டாள், வெள்ளைப் புள்ளிகளோடு.

அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். 'அந்த நர்ஸ் அம்மாவுக்கு என் வணக்கம்' என்றார்கள். 'அழுதுகொண்டே பஸ்ஸில் நிறுத்தத்தை விட்டுவிட்டேன்' என்றாள் ஒருத்தி. கணவர் போனபின் முதல் தடவையாக அன்று அவளுக்குத் தானாகத் தூக்கம் வந்தது.

கடைசியாகப் போட்டுப் பார்க்க வந்த டீச்சர் இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் தாளம் போட்டுக் காட்டினாள்.

"வலது கைக்கு அடியில கொஞ்சம் தளர்த்தி விடுங்க மாஸ்டரம்மா. தூக்கினா இடிக்குது."

இடிப்பதற்கு அங்கே துணி இல்லை. தையலம்மாவின் விரல் நாடாவோடு அக்குளைக் கடந்தபோது, தோலுக்கு அடியில் ஒரு பித்தான்போல ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர்..."

"தெரியும். விழா முடியட்டும். மறுபடியும் ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்துடறேன்." சிரித்தாள். "இந்தப் பள்ளிக்கூடத்துல என்னை மாதிரி பயிற்சி எடுத்த டீச்சரே கிடையாது."

தையலம்மா வலதுபக்கத் தையலைப் பிரித்து ஒரு விரல் அகலம் விட்டுக் கொடுத்தாள். இதை அவள் எழுதவில்லை.

விழாவுக்கு டீச்சர் அவளையும் அழைத்திருந்தாள். பள்ளி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குழந்தைகளின் பாட்டைக் கேட்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மேலே போனபோது தையல் இழுக்கவில்லை. தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. கைதட்டல் எழுந்தபோது அதில் பாதி தனக்கு என்று ரகசியமாக எடுத்துக்கொண்டாள்.

முடிந்ததும் எல்லோரும் பழச்சாறு வைத்திருந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். டீச்சரின் அம்மா மகளின் கைப்பையை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காலரைக் காட்டிக்கொண்டிருந்தாள். "மூத்தவளோடது. எப்படி இருக்கு பாருங்க!"

ஒரு மாணவியின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலரைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, கண் கலங்கி, டீச்சரைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர், அது நீங்கதானா? 'உள் தையல்'ல படிச்சேன், இதே மஞ்சள், இதே புள்ளி! நர்ஸுன்னு போட்டிருந்தாங்க. எவ்வளவு தைரியம் உங்களுக்கு! ஆபரேஷன் பண்ணி எடுத்ததே தெரியல டீச்சர். உள்ள வெச்சுத் தைச்சிருக்கறது சத்தியமா தெரியவே இல்ல."

கெட்ட எண்ணத்தில் ஒரு சொல்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சரின் அம்மா முதலில் காலரைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழே பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை மகளின் இடதுபக்கத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

டீச்சர் தலைகளுக்கு மேலாகத் தேடினாள். கூட்டத்தின் கடைசியில், காகிதக் கோப்பையைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்ற தையலம்மாவைக் கண்டுபிடித்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டாள். "எல்லாத்தையும் அழிடா. இப்பவே."

"நான் பாத்ததுமே அழிச்சாச்சும்மா. ஆனா பகிர்ந்தவங்ககிட்ட இருக்கும். விழாவுல எடுத்த போட்டோவோட சேர்த்து வேற யாரோ போட்டிருக்காங்க. அதை நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"யார்கிட்டயாவது போய்ச் சொல்லு. கால்ல விழறேன்னு சொல்லு."

"யார் கால்லம்மா?" என்றான் மகன்.

டீச்சர் அந்த வாரமே கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத் தையலம்மா எழுந்து நின்றாள். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து, தைக்கக் கொடுத்திருந்த துணிகளைக் கேட்டாள்.

"பேர் போடலையே டீச்சர். இடதைக்கூட வலதுன்னுதானே..."

"எங்க அக்கா துணியைப் போட்டீங்களே மாஸ்டரம்மா. அது பேர் மாதிரிதானே?"

தையலம்மா கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்டினாள்.

"அம்மா பேசறாங்க, சாப்பிடறாங்க. நான் பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா என் முகத்தைப் பாக்கறதே இல்ல, சட்டையைத்தான் பாக்கறாங்க. நான் தூங்கும்போது பக்கத்துல உக்காந்து மூச்சு வருதான்னு கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துக்குக் கூடவே வந்து கேட் வாசல்ல நிக்கறாங்க."

"அந்தக் கை... டாக்டரைப் பாத்தீங்களா?"

"எப்படிப் போறது? போன தடவை பயிற்சின்னு ஒரு கதை இருந்தது. அந்தக் கதையையும் நீங்க எழுதிட்டீங்க. இப்ப நான் ஆஸ்பத்திரி இருக்கற தெருப் பக்கம் திரும்பினாலே அம்மா அங்கயே விழுந்துடுவாங்க." துணிகளை மடியில் அடுக்கினாள். "கொஞ்ச நாள் போகட்டும். அம்மா கொஞ்சம் ஆறட்டும்."

"நான் வேணா பெரியம்மாகிட்ட பக்குவமா..."

"போதும் மாஸ்டரம்மா." அந்தக் குரல் முதன்முதலாக உடைந்தது. "இனிமே எனக்காக நீங்க எதையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது ஒண்ணு மட்டும் செய்ங்க."

போகும்போது குனிய மறந்து படிக்கட்டில் தலையை இடித்துக்கொண்டாள். பழைய நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு தையலம்மா போன் செய்தால் டீச்சர் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு பகலில் டீச்சரின் அம்மா வந்தாள். மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டுப் போனார். சின்ன உருவம். குனியத் தேவையில்லாமல் நேராக உள்ளே வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். திரைச்சீலையைத் தொட்டாள்.

"இங்கதான் வருவாளா?"

"ஆமா பெரியம்மா."

"உன்கிட்டதான் எல்லாம் சொல்லுவா போல. ஏம்மா, நான் கேக்கறேன், மறைக்காம சொல்லு. வேற ஏதாவது இருக்கா? மூத்தவளும் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தா."

தையலம்மாவின் விரலில் அந்தக் கெட்டிப் பித்தான் உருண்டது. சொன்னால் இவள் இந்த இடத்திலேயே விழுவாள். டீச்சர் கேட்ட ஒரே ஒரு வாக்கும் போகும். சொல்லாவிட்டால்? வாயைத் திறந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்தவள் இப்போதாவது அதை மூடிக்கொள்ள வேண்டாமா?

"வேற ஒண்ணும் இல்ல பெரியம்மா. நல்லா இருக்காங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

கிழவி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். தொட்ட இடம் நாள் முழுக்க எரிந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். டீச்சரிடம் தனியாக ஒரு வார்த்தை. 'போய்க் காட்டுங்க, பெரியம்மாவை நான் பாத்துக்கறேன்.' வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கேட் வாசலில் பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். டீச்சர் வெளியே வந்தாள். கடையில் வாங்கிய தொளதொளவென்ற ஸ்வெட்டர். இடது தோள் ஏறியிருந்தது. வலது கையை, கண்ணுக்குத் தெரியாத புத்தகம் ஒன்றை இடுக்கியவள்போல உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தாள். சற்றுத் தள்ளி அம்மா காத்திருந்தாள்.

"டீச்சர்."

டீச்சர் நின்றாள். "என்ன மாஸ்டரம்மா, எழுதறதுக்கு ஏதாவது குறையுதா?"

நாலைந்து தலைகள் திரும்பின. ஒருத்தி போனைக் கீழே இறக்கினாள்.

"தனியா ஒரு..."

"இங்கயே சொல்லுங்க. எல்லாரும் உங்களைப் படிக்கறவங்கதான்."

இத்தனை காதுகளுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். "உங்க பாவாடை ஒண்ணு கடையில கெடக்கு."

"நீங்களே வெச்சுக்கங்க."

கடையில் பாவாடை எதுவும் கிடக்கவில்லை. அது இருவருக்கும் தெரியும். டீச்சர் அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மருந்துக்கடைக்காரர் வாயிலாகத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது. டீச்சர் வேலைக்கு வருவதில்லை. டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ரொம்பத் தாமதம் என்கிறார்கள். கடைசியாக ஒரு நாள் அவர் எதையும் சொல்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றியபடி அவள் வாசலில் வந்து நின்றார். தையலம்மா சாவு வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் டீச்சரின் அம்மா தனியாக வந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். படுக்கவில்லை. கையில் அந்தக் கருநீலக் கோட்.

"இதை எனக்குச் சரியா இருக்கற மாதிரி சின்னதாக்கிக் குடு."

தையலம்மா கோட்டை வாங்கி மேசையில் விரித்தாள். விரிப்பில் பெட்டி பதித்திருந்த பழுப்புத் தழும்பின்மேல் அது படிந்தது. கத்தரி முனையால் இடதுபக்கத்து உள்ளறையைப் பிரித்தாள். தானியப் பை வெளியே வந்தது. கிழவி அதைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அன்னைக்கு வந்து கேட்டேனே, அப்ப உனக்குத் தெரியுமா?"

தையலம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"தெரியும் பெரியம்மா."

கிழவி தலையை ஆட்டினாள். அழவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்னியே. எனக்குச் சொல்லலியேம்மா" என்றாள். பிறகு எழுந்து, அளவெடுக்கச் சொல்லாமலே, இரண்டு கைகளையும் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு நின்றாள். தையலம்மா நாடாவை அவள் மார்பைச் சுற்றிக் கொண்டுபோனாள். அளவை இரண்டு தடவை பார்த்தும் மனதில் நிற்கவில்லை.

கோட்டில் குறைக்க நிறைய இருந்தது. தோளைப் பிரித்தாள், கையைக் குட்டையாக்கினாள். காலரைத் தொடவில்லை. வலது அக்குளில் தான் விட்டுக்கொடுத்திருந்த அந்த ஒரு விரல் தளர்வைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்து, வேறு வழியில்லாமல் பிடித்துத் தைத்தாள்.

மாலையில் கோட்டை மேசையில் போட்டு இஸ்திரி போட்டாள். ஈரத் துணியிலிருந்து ஆவி எழுந்தது. "இன்னைக்கு அந்தப் பெரியம்மா..." என்று அவளை அறியாமல் வாய் தொடங்கிவிட்டது. சட்டென்று நிறுத்தி, தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மஞ்சள் காலரின் மேல் பெட்டியை மெதுவாக நகர்த்தினாள்.